மத்தியதரைக் கடல் குரூஸ்: டர்பனிலிருந்து போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டர்பனில் கப்பலேறி மொசாம்பிக் கடற்கரை வரை போய்வந்த குடும்பங்கள் நம் டர்பன் புறநகரான சாட்ஸ்வொர்த்தில் நிறைய. அடுத்தது மத்தியதரைக் கடல் என்று கிளம்பும்போது அதே பழக்கத்தில் திட்டம் போட்டுவிடுகிறார்கள். மொசாம்பிக்கில் இறங்கினால் மணல், குளியல், அவ்வளவுதான். ஐரோப்பாவில் கப்பல் நிற்கும் இடம் ஒன்று, பார்க்கப்போகும் ஊர் வேறு.

அட்டவணையில் ‘ரோம்’ என்று போட்டிருக்கும். கப்பல் நிற்பது சிவிட்டாவெக்கியாவில், ரோமிலிருந்து சுமார் 70 கிலோமீட்டர் தள்ளி. ‘ஃபிளாரன்ஸ்’ என்றால் லிவோர்னோ, அது இன்னும் தூரம். காலை 7 மணிக்கு வந்து மாலை 6 மணிக்குக் கிளம்பும் கப்பலில், போகவர ஆகும் நேரம் போக ஐந்தாறு மணி நேரம் மிஞ்சினால் அதிகம். அதனால் எத்தனை துறைமுகம் என்று எண்ண வேண்டாம், ஊருக்குள் எத்தனை மணி நேரம் என்று கணக்குப் போடுங்கள். மால்டாவின் வல்லெட்டாவிலும் கிரீஸின் ரோட்ஸிலும் இந்தக் கவலையே இல்லை, இறங்கியதும் கோட்டைச் சுவர்தான்.

துருக்கியின் குஷாதாசி துறைமுகத்தில் இறங்கிக் கடைத்தெருவோடு திரும்பிவிடுவது எனக்குத் தாங்காத விஷயம். சுமார் 20 கிலோமீட்டரில் எபேசஸ் என்ற பழங்கால நகரத்தின் இடிபாடுகள் இருக்கின்றன. ஒரு காலத்தில் அதுவே பெரிய துறைமுகம். ஆற்று வண்டல் சேரச் சேரக் கடல் பல கிலோமீட்டர் விலகிப்போனது. நாடக அரங்கின் மேல்படியில் நின்றால், துறைமுகத்துக்குப் போன தூண் வரிசைத் தெரு நாணல் மண்டிய சதுப்புப் பக்கம் போய் முடிவது தெரியும். மேல்வாசல் வழியாக நுழையுங்கள், செல்சஸ் நூலகம் வரை இறக்கம்தான். தேய்ந்த பளிங்கு வழுக்கும், ஆயாவுக்கு நல்ல பிடிப்புள்ள ஷூ அவசியம்.

விசாவில் ஒரு சிக்கல். தென்னாப்பிரிக்க பாஸ்போர்ட்டுக்கு ஷெங்கன் விசா, அதாவது இத்தாலி, கிரீஸ் போன்ற பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசா, வேண்டும். துருக்கி அதில் சேராது. இத்தாலியில் ஏறி, துருக்கி போய், மறுபடி கிரீஸ் வரும் கப்பல் என்றால் ஒருமுறை நுழையும் விசா போதாது. பலமுறை நுழையும் விசாவாகக் கேளுங்கள். துருக்கியின் விதியைத் தனியாகப் பாருங்கள்.

நம் ஜூலை பள்ளி விடுமுறை அங்கே உச்சிக் கோடை. 2023 ஜூலையில் வெயில் தாங்காமல் ஏதென்ஸின் பழங்கால மலைக்கோட்டையான அக்ரோபோலிஸையே நடுப்பகலில் மூடினார்கள். செப்டம்பர் கடைசி இதம்தான், ஆனால் புரட்டாசி வந்துவிடும். விரதம் இருப்பவர்கள் டிக்கெட் போடும்போதே சைவம் என்று எழுதிக் கொடுங்கள். சூப்பில் இறைச்சிச் சாறு சேர்க்கக் கூடாது என்பதையும் சொல்லுங்கள்.

அப்புறம், நீங்களாக டாக்ஸி பிடித்துப் போனால் கப்பல் உங்களுக்காகக் காத்திருக்காது. இறங்குமுன் கப்பலில் தரும் அன்றைய நிகழ்ச்சித் தாளில் உள்ள, அந்த ஊரில் கப்பல் கம்பெனிக்காக வேலை பார்க்கும் துறைமுக ஏஜென்ட்டின் ஃபோன் எண்ணைப் படமெடுத்துக்கொள்ளுங்கள், பாஸ்போர்ட் நகலும் பையில் இருக்கட்டும்.