கொழும்பு இரவு மெயில்: படுக்கை எடுப்பதா, இருக்கை போதுமா?

யாழ்ப்பாணத்தில் சின்னதாக ஒரு துணிக்கடை வைத்திருக்கிறேன். மாதம் ஒருமுறையாவது கொழும்பின் மொத்த வியாபாரப் பகுதியான புறக்கோட்டைக்குக் கொள்வனவுக்குப் போகவேண்டும். 1990இல் நின்ற ரயில் 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணம் வரை திரும்பி ஓடத் தொடங்கிய பிறகு நான் போடும் கணக்கு இது.

ரயில் ரிக்கெற்றையும் பஸ் ரிக்கெற்றையும் பக்கத்தில் வைத்துப் பார்க்காதீர்கள். இரவு ரயில் பயணத்தோடு ஓர் இரவுத் தங்கலையும் சேர்த்துத் தருகிறது. பகலில் போனால் கடை ஒரு நாள் பூட்டு, இரவு லொட்ஜ். லொட்ஜ் 4000, கடையில் போகும் லாபம் 3000 என்று வையுங்கள். இரவில் போனால் இந்த 7000 கையில் நிற்கும். படுக்கைக்கும் சாதாரண இருக்கைக்கும் உள்ள விலை வித்தியாசத்தை அதிலிருந்து கழியுங்கள். மிச்சம் இருந்தால் படுக்கை எடுக்கலாம்.

ஒருமுறை காசை மிச்சம் பிடிக்கிறேன் என்று மூன்றாம் வகுப்பில் குந்திக்கொண்டு போனேன். காலையில் புறக்கோட்டைக் குறுக்குத்தெருக் கடையொன்றின் ரியூப்லைற் வெளிச்சத்தில், நித்திரைக் கலக்கத்தில், மெரூன் என்று நினைத்து 40 மீற்றர் உட்பாவாடைத் துணி வெட்டுவித்தேன். ஊரில் பிரித்தால் கத்தரிப்பூ நிறம். வெட்டிய துணியை யார் திருப்பி எடுப்பார்கள்? இரண்டு படுக்கை ரிக்கெற் காசு அதில் போனது.

ரயிலில் படுக்கைகளின் எண்ணிக்கை ஏன் இவ்வளவு குறைவு என்று கேட்பீர்கள். ரயில்வே பக்கமும் ஒரு கணக்கு இருக்கிறது. படுக்கை போட்டால் உட்காரும் பெட்டியில் ஏறுகிற ஆட்களில் பாதிப்பேர்கூட ஏற முடியாது. இருக்கையென்றால் வழியில் வவுனியாவில் ஒருவர் இறங்க, இன்னொருவருக்கு விற்கலாம். நடுச்சாமத்தில் காலியாகும் படுக்கையை யார் வாங்குவார்? விரிப்புச் செலவு வேறு. ஜெர்மனியிலிருக்கும் தம்பி சொல்லுவான், அங்கேயும் 2016 கடைசியில் தேசிய ரயில்வே தன் படுக்கை வண்டிகளைக் கைவிட்டது, அவற்றில் ஒரு பகுதியை ஆஸ்திரியாக்காரர் எடுத்து ஓட்டுகிறார்கள் என்று. ஆகவே முற்பதிவு திறந்தவுடனேயே எடுத்துவிடுங்கள். நல்லூர்த் திருவிழாக் காலத்தில் அதையும் நம்பவேண்டாம்.

கொழும்பில் வெள்ளவத்தைப் பக்கம் சொந்தக்காரர் வீடு இருந்தால் பஸ்தான் வசதி, அந்தப் பக்கமே இறக்கிவிடுவான். எனக்கு அலுவல் புறக்கோட்டையில். கோட்டை ஸ்டேஷனில் இறங்கி, முகம் கழுவி, ஒரு பிளேன்ரீ குடித்துவிட்டு நடந்தே போய்விடலாம். ஓட்டோக் காசும் மிச்சம்.

சரி, திரும்பி வரும்போது? அன்றிரவே வருவேன், ஆனால் படுக்கை எடுப்பதில்லை. மறுநாள் கல்லாவில் தூங்கி வழிந்தாலும் நட்டமில்லை. துணிப்பொதி லொறியில் வந்துசேர மத்தியானம் ஆகும்.