ஹென்னிங் மான்கெல் பற்றி எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஸ்வீடன் நாட்டுக் குற்றப்புனைவு எழுத்தாளர் ஹென்னிங் மான்கெல்லைப் பற்றி அறிமுகக் கட்டுரை எழுதுகிற நண்பர்கள், வெளியிடும் முன் என்னிடம் அனுப்பி ஒருமுறை பார்க்கச் சொல்வது வழக்கமாகிவிட்டது. எனக்குப் பிடித்த வேலைதான். ஆனால் புதிதாக எழுத வருகிறவர்கள் எல்லோரும் ஒரே இடங்களில்தான் சறுக்குகிறார்கள். அவரை முதன்முதலாகப் படித்த நாட்களில் நாங்கள் சறுக்கிய அதே இடங்கள். பெயரில் எழுத்துப்பிழை, பிறந்த தேதியில் குழப்பம் (1948 பிப்ரவரி 3, ஸ்டாக்ஹோம்) போன்றவற்றை விட்டுவிடுகிறேன், அவை தேடினால் ஒரு நிமிடத்தில் சரியாகிவிடும். வாசகரைத் தவறான புத்தகத்துக்கோ தவறான எதிர்பார்ப்புக்கோ கொண்டுபோய் விடுகிற தவறுகளை மட்டும் இங்கே சொல்கிறேன்.

ஸ்டீக் லார்சனுக்குப் பின்னால் நிறுத்துவது

‘தி கேர்ள் வித் தி டிராகன் டாட்டூ’ எழுதிய ஸ்வீடன் எழுத்தாளர் லார்சனின் வழியில் வந்தவர் மான்கெல் என்று எழுதுகிறார்கள். லார்சனின் முதல் நாவல் வெளிவந்தது 2005இல்தான். மான்கெல்லின் இன்ஸ்பெக்டர் குர்ட் வாலாண்டர் 1991இலேயே வந்துவிட்டார். 1998க்குள் எட்டு வாலாண்டர் நாவல்கள் முடிந்திருந்தன. முன்னோடி யார் என்று சொல்ல வேண்டுமானால் மாய் ஷோவால், பேர் வாலோ இணையரைச் சொல்லுங்கள். 1965 முதல் 1975 வரை அவர்கள் சேர்ந்து எழுதிய பத்து நாவல்கள், போலீஸ் கதையை வைத்து ஸ்வீடனின் நலவாழ்வு அரசையே கேள்வி கேட்க முடியும் என்று காட்டின. மான்கெல் கிளம்பிய இடம் அதுதான். அவர்கள் கதை ஸ்டாக்ஹோமில் நடந்தது. இவர் அதைத் தெற்குக் கோடியில் ஸ்கோனே பகுதியிலுள்ள யூஸ்டாட் என்ற சிறிய துறைமுக ஊருக்குக் கொண்டுபோனார். போலந்துக்குப் படகு போகிற ஊர் அது. வெளியுலகம் ஸ்வீடனுக்குள் நுழைகிற வாசல் என்பதால்தான் அந்த ஊர்.

ஆங்கிலத்தில் வந்த வரிசையில் படிப்பது

நம்மில் பலரும் மான்கெல்லை ஆங்கிலம் வழியாகவே படிக்கிறோம். ஆங்கிலத்தில் அவை முன்னும் பின்னுமாக வந்தன. 1994இல் ஸ்வீடிஷில் வெளியான ‘தி மேன் ஹூ ஸ்மைல்டு’ ஆங்கிலத்துக்கு வர 2005 ஆனது. ‘தி டாக்ஸ் ஆஃப் ரீகா’ இரண்டாவது நாவல், ‘தி ஃபிஃப்த் உமன்’ ஆறாவது. ஆங்கிலத்தில் இந்த இரண்டில் ஆறாவதுதான் முதலில் வந்தது. அந்த வரிசையில் படித்தால் ஒரு புத்தகத்தில் இறந்துபோன வாலாண்டரின் அப்பா அடுத்த புத்தகத்தில் உயிரோடு உட்கார்ந்து ஓவியம் வரைந்துகொண்டிருப்பார்.

அந்த அப்பா இந்தத் தொடரின் அருமையான படைப்புகளில் ஒருவர். வாழ்நாள் முழுக்க ஒரே நிலக்காட்சியை வரைகிறார். சிலவற்றில் ஒரு காட்டுக்கோழி இருக்கும், சிலவற்றில் இருக்காது. மகன் போலீஸில் சேர்ந்ததை அவர் கடைசிவரை மன்னிக்கவில்லை. இந்த உறவு புத்தகத்துக்குப் புத்தகம் கொஞ்சம் கொஞ்சமாக நகர்கிறது. வரிசை மாறினால் அந்த நகர்வே கையில் சிக்காது.

1991இல் வந்த ‘ஃபேஸ்லெஸ் கில்லர்ஸ்’ நாவலில் தொடங்குங்கள். வாலாண்டரின் இளமைக்காலக் கதைகள் அடங்கிய ‘தி பிரமிட்’ காலத்தால் முந்தியது என்றாலும் அதை நாவல்களுக்குப் பிறகு படிப்பதே நல்லது. வாலாண்டரின் கடைசி நாவலான ‘தி ட்ரபுள்டு மேன்’ எக்காரணம் கொண்டும் முதலில் வேண்டாம். தெரிந்தவர் ஒருவர் கடையில் அது ஒன்றுதான் இருந்தது என்று வாங்கி வந்து படித்துவிட்டார். வாலாண்டருக்குக் கடைசியில் என்ன ஆகிறது என்பதை அந்த நாவலின் இறுதிப் பக்கம் சில வரிகளில் சொல்லிவிடும். அதற்குப் பிறகு எதைப் படித்தாலும் அந்த வரிகள் குறுக்கே வந்து நிற்கின்றன என்று இன்றும் வருத்தப்படுகிறார்.

“ஓய்வு நேரத்தில் ஆப்பிரிக்காவில் சேவை செய்தார்”

என்னிடம் வருகிற கட்டுரைகளில் பெரும்பாலானவற்றின் கடைசிப் பத்தியில் இந்த வரி இருக்கும், அல்லது இதன் அண்ணன் தம்பி யாராவது இருப்பார்கள். இதுதான் எனக்கு இன்னமும் எரிச்சல் தருகிற தவறு. தகவல் பிழை என்பதோடு நிற்பதில்லை, மான்கெல்லின் எழுத்து எங்கிருந்து வந்தது என்பதையே இது மறைத்துவிடுகிறது.

வருடங்களைப் பாருங்கள். நீதிபதியான அப்பா, ஸ்வேக் என்ற வடக்கத்திச் சிற்றூரில் நீதிமன்றக் கட்டடத்தின் மாடியில் வீடு, சிறுவயதிலேயே பிரிந்து போய்விட்ட அம்மா. பதினாறு வயதில் பள்ளியை விட்டுச் சரக்குக் கப்பலில் வேலைக்குச் சேர்ந்தார். பிறகு பாரிஸ், அப்புறம் ஸ்டாக்ஹோமில் நாடக அரங்கத் தொழிலாளி. 1972இல் கினி பிசாவில் முதன்முதலாக ஆப்பிரிக்க மண்ணை மிதித்தார். அவருடைய முதல் நாவல் வந்ததே அதற்கு அடுத்த வருடம்தான். இடையில் ஜாம்பியாவில் வாழ்ந்தார். 1986இல் மொசாம்பிக் தலைநகர் மபுட்டோவிலுள்ள தியாத்ரோ அவெனிடா என்ற நாடக அரங்கின் கலை இயக்குநராகப் பொறுப்பேற்றார். வாலாண்டர் அப்போது பிறக்கவே இல்லை. முதல் வாலாண்டர் நாவலுக்கு இன்னும் ஐந்து வருடம் இருந்தது.

ஆக, புகழ்பெற்ற துப்பறியும் எழுத்தாளர் ஒருவர் பணம் சேர்ந்த பிறகு ஆப்பிரிக்கா பக்கம் போனார் என்பது கதையைத் தலைகீழாகச் சொல்வது. ஆப்பிரிக்காவில் வாழ்ந்த ஒரு நாடகக்காரர் ஊருக்குத் திரும்பி வந்து பார்த்தபோது, சொந்த நாடு அவருக்கு வேறு மாதிரி தெரிந்தது. அந்தப் பார்வையிலிருந்து பிறந்தவர்தான் வாலாண்டர்.

அவர் திரும்பி வந்தபோது என்ன நடந்துகொண்டிருந்தது? யூஸ்டாடுக்குப் பக்கத்திலேயே ஷோபூ என்ற நகராட்சி. 1988 செப்டம்பரில் அங்கே ஒரு வாக்கெடுப்பு நடந்தது. எங்கள் ஊருக்கு அகதிகள் வேண்டாம் என்று பெரும்பான்மையினர் வாக்களித்தார்கள். 1989 டிசம்பரில் ஸ்வீடன் அரசு புகலிட விதிகளை இறுக்கியது. ‘ஃபேஸ்லெஸ் கில்லர்ஸ்’ கதை தொடங்குவது அதற்கு அடுத்த மாதம், 1990 ஜனவரியில். ஒரு கிராமத்து வீட்டில் வயதான விவசாயியும் மனைவியும் கொடூரமாகத் தாக்கப்படுகிறார்கள். சாகும் முன் அந்தப் பாட்டி வெளிநாட்டினர் என்று பொருள்படும் ஒரே ஒரு சொல்லைச் சொல்கிறார். அது பத்திரிகைக்குக் கசிகிறது. அகதிகள் முகாமுக்குத் தீ வைக்கிறார்கள், சோமாலி அகதி ஒருவர் சுட்டுக் கொல்லப்படுகிறார். நிறவெறி ஒரு குற்றம், அதனால்தான் குற்றக்கதையைத் தேர்ந்தெடுத்தேன் என்று மான்கெல் பிற்பாடு சொல்லியிருக்கிறார். நாவல் வந்த அதே 1991இல், ஆகஸ்ட் தொடங்கி 1992 ஜனவரி வரை, ஸ்டாக்ஹோமிலும் உப்சாலாவிலும் குடியேறிகளாகத் தேடித் தேடி 11 பேரை ஒருவன் சுட்டான். ஒருவர் இறந்தார். புத்தகம் எவ்வளவு நிஜத்தைத் தொட்டிருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

இந்தத் தவறால் வாசகருக்கு என்ன நஷ்டம் என்பதை ‘தி ஒயிட் லயனஸ்’ நாவலில் பார்க்கலாம். வெளிவந்த வருடம் 1993. வீடு விற்றுக் கொடுக்கும் தரகர் வேலை பார்க்கிற ஒரு பெண், ஸ்கோனேயின் கிராமத்துச் சாலையில் வழி தவறிப் போய்க் காணாமல் போகிறார். தேடிப் போகும் இடத்தில் ஒரு பண்ணைவீடு வெடித்துச் சிதறுகிறது. அங்கே துண்டிக்கப்பட்ட ஒரு விரல் கிடைக்கிறது. கறுப்பு விரல். அங்கிருந்து கதை தென்னாப்பிரிக்காவுக்குத் தாவுகிறது, நெல்சன் மண்டேலாவைக் கொல்லத் திட்டமிடும் ஒரு ரகசியக் கூட்டத்துக்கு.

ஒரு கட்டுரையில் ‘தென்னாப்பிரிக்க அத்தியாயங்கள் கதையோடு ஒட்டவில்லை, தாண்டிப் படிக்கலாம்’ என்று எழுதியிருந்தார்கள். அதை நம்பித் தாண்டிப் படித்த ஒரு வாசகர், “அந்த விரல் யாருடையது, ஏன் வெட்டப்பட்டது என்பதே எனக்குச் சரியாகப் புரியவில்லை” என்று என்னிடம் கேட்டார். எப்படிப் புரியும்? விரலை இழந்த விக்டர் மபாஷா கூலிக்குக் கொல்பவன். அந்த ஸ்வீடன் பெண் காரணமே இல்லாமல் கொல்லப்பட்டதை அவன் தட்டிக்கேட்கிறான், அதற்கு விலையாகத்தான் விரல் போகிறது. அவனுடைய கனவுகளும் பயமும் முன்னோர்களிடம் அவன் பேசுகிற பேச்சும் அந்தத் தாண்டிய பக்கங்களில்தான் இருக்கின்றன. நாவலின் இதயத்தையே வெட்டிவிட்டு மிச்சத்தைப் படிக்கச் சொல்லியிருக்கிறது அந்தக் கட்டுரை.

மபுட்டோவிலிருந்து தென்னாப்பிரிக்க எல்லை 100 கிலோமீட்டருக்குள்தான். மொசாம்பிக்கில் 1977 முதல் 1992 வரை உள்நாட்டுப் போர் நடந்தது. ரெனாமோ என்ற கிளர்ச்சிப் படைக்கு நிறவெறித் தென்னாப்பிரிக்க அரசு ஆயுதமும் பணமும் கொடுத்தது. அந்தப் போர்க்காலத்தில் அந்த நகரத்தில் நாடகம் போட்டுக்கொண்டிருந்தவர் மான்கெல். எல்லைக்கு அந்தப் பக்கம் தீட்டப்படும் திட்டம் இந்தப் பக்கம் உயிர்களை வாங்குவதை அருகிலிருந்து பார்த்தவருக்குத் தென்னாப்பிரிக்கா எப்படி ஒட்டாத அத்தியாயமாக இருக்க முடியும்?

‘சேவை’ என்ற சொல்லும் உறுத்துகிறது. தியாத்ரோ அவெனிடாவில் இயங்கிய முதும்பேலா கோகோ, மொசாம்பிக்கின் முதல் தொழில்முறை நாடகக் குழு. அதை நிறுவியவர் மனுவேலா சொயேரு. மான்கெல் அங்கே அழைப்பின் பேரில் போய்ச் சேர்ந்து வேலை செய்தவர். அவர் பணம் கொடுத்ததும் உண்மை. சிமோயோ நகரில் ஆதரவற்ற குழந்தைகளுக்கான கிராமம் அமைக்க நிறையக் கொடுத்தார். அதை எழுதுங்கள். ஆனால் அதை மட்டும் எழுதினால் அங்கிருந்த நடிகர்களும் எழுத்தாளர்களும் காணாமல் போய், கைநீட்டி வாங்குகிறவர்கள் மட்டும் மிஞ்சுகிறார்கள். தன்னை ஒரு கால் பனியிலும் ஒரு கால் மணலிலும் வைத்து நிற்பவன் என்றே மான்கெல் சொல்லிக்கொண்டார். அதில் ஒரு காலைக் கடைசிப் பத்திக்குத் தள்ளுவது நியாயமில்லை.

இன்னொரு நஷ்டமும் உண்டு. ‘கிரானிக்ளர் ஆஃப் தி விண்ட்ஸ்’ என்ற நாவலைப் பலர் தொடுவதே இல்லை. சுடப்பட்டுக் கிடக்கும் நெலியோ என்ற தெருச் சிறுவன், ஒரு மொட்டை மாடியில் ரொட்டிக் கடைக்காரரிடம் இரவுக்கு இரவு தன் கதையைச் சொல்கிறான். கண்ணிவெடியில் கால்களை இழந்த சோஃபியாவைப் பற்றிச் சிறுவர்களுக்காக எழுதிய ‘சீக்ரெட்ஸ் இன் தி ஃபயர்’ இருக்கிறது. வாலாண்டரைப் படித்து முடித்தவருக்கு அடுத்துக் கொடுக்க வேண்டியவை இவைதான். கட்டுரை ‘சேவை’யோடு முடிந்துபோனால் இவற்றின் பெயரே வாசகருக்குத் தெரியாமல் போகிறது.

கட்டுரையின் இரண்டாவது பத்தியிலேயே 1972, 1986, 1991 மூன்றையும் இந்த வரிசையில் எழுதிவிடுங்கள். பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும்.

வாலாண்டரும் மான்கெல்லும் ஒருவரே என்பது

இல்லை. இருவரும் பிறந்தது 1948, இருவருக்கும் இத்தாலிய ஓபரா பிடிக்கும், இருவரும் ஓயாமல் உழைப்பவர்கள். அதோடு சரி.

கொலையாளி யார் என்பதை மட்டும் தேடுவது

‘சைட்டிராக்ட்’, ‘தி ஃபிஃப்த் உமன்’ போன்ற நாவல்களில் கொலையாளியின் பக்கத்திலிருந்தே அத்தியாயங்கள் வருகின்றன. வாலாண்டருக்கு வெகுகாலம் முன்பே நமக்கு நிறையத் தெரிந்துவிடும். ‘சஸ்பென்ஸ் பத்தவில்லை’ என்று இதைக் குறை சொல்பவர்கள் தவறான இடத்தில் தேடுகிறார்கள். ஒரு நாட்டில் இந்தக் குற்றம் எப்படிச் சாத்தியமானது என்பதுதான் மான்கெல்லின் கேள்வி. எட்டு நாவல்களும் முடிந்த பிறகே, இவை ஸ்வீடனின் மனக்கலக்கத்தைப் பற்றிய நாவல்கள் என்ற பொதுத் துணைத்தலைப்பு தனக்குக் கிடைத்ததாக ‘தி பிரமிட்’ முன்னுரையில் எழுதியிருக்கிறார்.

அவருடைய கைத்திறனைக் காட்ட வேண்டுமானால் முடிச்சை விட்டுவிட்டுச் சின்ன விவரம் ஒன்றை எடுத்துக்காட்டுங்கள். முதல் நாவலில் அந்தப் பண்ணைவீட்டுத் தொழுவத்தில் ஒரு குதிரை நிற்கிறது. வீட்டுக்குள் அவ்வளவு கொடூரம் நடந்திருக்க, அந்த இரவில் யாரோ குதிரைக்கு வைக்கோல் போட்டிருக்கிறார்கள். கொலை செய்ய வந்தவன் எதற்காகக் குதிரைக்குத் தீனி வைத்தான்? இந்த ஒரு கேள்வியை வாலாண்டர் நாவல் முழுக்கச் சுமந்துகொண்டு திரிகிறார்.

டிவி தொடரைப் பார்த்துவிட்டு நாவலைப் பற்றி எழுதுவது

கென்னத் பிரானா நடித்த ஆங்கிலத் தொடர் 2008இல் தொடங்கியது. ரோல்ஃப் லாஸ்கோர்டும் கிரிஸ்டர் ஹென்ரிக்சனும் ஸ்வீடிஷில் வாலாண்டராக நடித்தவர்கள். ஹென்ரிக்சன் நடித்த படங்களில் பெரும்பாலானவை நாவல்களிலிருந்து வந்தவை அல்ல, திரைக்கென்றே உருவான கதைகள். அவற்றின் கதையை நாவலின் கதை என்று எழுதிவிடாதீர்கள்.

‘சர்ச்சைக்குரியவர்’ என்று கடந்துபோவது

2010 மே மாத இறுதியில் காசாவுக்கு உதவிப் பொருள் ஏற்றிச் சென்ற கப்பல்களில் ஒன்றில் அவர் இருந்தார். இஸ்ரேலியப் படை பிடித்து ஸ்வீடனுக்குத் திருப்பி அனுப்பியது. நடந்ததை எழுதுங்கள், முத்திரை வேண்டாம்.

நோயோடு போராடிய கதையாக முடிப்பது

2014 தொடக்கத்தில் கழுத்து வலி என்று மருத்துவரிடம் போனவருக்குக் கழுத்திலும் நுரையீரலிலும் புற்றுநோய் இருப்பது தெரிந்தது. 2015 அக்டோபர் 5 அன்று கோத்தன்பர்க்கில், 67 வயதில் இறந்தார். இதை வைத்து உருக்கமாக ஒரு பத்தி எழுதுவது சுலபம். அந்த இடைவெளியில் அவர் எழுதிய ‘குவிக்சாண்ட்’ புத்தகத்தைப் படித்தவர்கள் அப்படி எழுத மாட்டார்கள். அதில் சிகிச்சை பற்றிய பக்கங்கள் உண்டு. ஆனால் அவர் மனம் திரும்பத் திரும்பப் போவது அணுக்கழிவிடம். 1,00,000 ஆண்டுகள் பூட்டி வைக்க வேண்டிய ஒரு விஷத்தை நாம் பாறைக்கு அடியில் புதைக்கப் போகிறோம், அதைத் திறக்காதே என்று அத்தனை காலத்துக்குப் பின் வருகிறவனுக்கு எந்த மொழியில் எழுதி வைப்பது என்று யோசிக்கிறார். குகை ஓவியங்களையும் பனியுகங்களையும் பற்றிப் பேசுகிறார். கட்டுரையின் கடைசிப் பத்திக்கு விஷயம் வேண்டுமென்றால் அந்த அத்தியாயங்களிலிருந்து எடுங்கள்.

விருதுப் பட்டியல்

‘ஃபேஸ்லெஸ் கில்லர்ஸ்’ நாவலுக்கு 1992இல் நார்டிக் நாடுகளின் குற்றப்புனைவுக்கான கண்ணாடிச் சாவி விருது, ‘சைட்டிராக்ட்’ நாவலுக்கு 2001இல் பிரிட்டனின் குற்றப்புனைவுக்கான தங்கக் கத்தி விருது. இரண்டு போதும்.