துலாம் ராசிக்கு அஸ்பிரின் வேலை செய்யாதா? உபகுழு முடிவுகளை வாசிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிளிநொச்சியில் எங்கள் ஒழுங்கையில் இருக்கும் மாமி ஒருவருக்குப் போன வருடம் மாரடைப்பு வந்தது. கிளினிக்கில் கொடுத்த அஸ்பிரினை ஒழுங்காகப் போட்டுக்கொண்டிருந்தவர், திடீரென்று இரண்டு கிழமை நிறுத்திவிட்டார். கேட்டால், "கனடாவில இருக்கிற மருமகன் போனில சொன்னவர் தம்பி, அது ஆம்பிளையளுக்குத்தான் வேலை செய்யுமாம்" என்றார்.

மருமகன் இல்லாததைச் சொல்லவில்லை. அந்தக் கதை தொடங்கியதும் கனடாவில்தான். பக்கவாதத்தின் முன்னறிகுறி கண்ட 585 பேரை வைத்து அங்கு நடந்த ஆய்வு 1978இல் வெளிவந்தது. அஸ்பிரின் எடுத்தவர்களுக்குப் பக்கவாதமோ மரணமோ வரும் ஆபத்து 31 சதவீதம் குறைந்திருந்தது. பிறகு ஆண், பெண் என்று பிரித்துப் பார்த்தார்கள். ஆய்வில் சேர்ந்தவர்களை இப்படிப் பிரிக்கும்போது வரும் ஒவ்வொரு பிரிவும் ஒரு உபகுழு. ஆண்களில் 48 சதவீதக் குறைவு, பெண்களில் பலன் எதுவும் தெரியவில்லை. பல வருடம் இதை நம்பியவர்கள் இருந்தார்கள். பின்னர் பல ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தபோது, மாரடைப்போ பக்கவாதமோ ஏற்கெனவே வந்தவர்களில் இரு பாலாருக்கும் பலன் உண்டு என்று தெரிந்தது. (நோய் எதுவும் இல்லாதவர் முன்கூட்டியே அஸ்பிரின் போடலாமா என்பது வேறு கேள்வி. அதை இதோடு குழப்பக்கூடாது.)

எங்கே பிழைத்தது? அந்த 585 பேரில் பெண்கள் 179 பேர்தான். அதிலும் பாதிப் பேருக்குத்தான் அஸ்பிரின். இவ்வளவு சிறிய கூட்டத்தில் உண்மையான பலன்கூடக் கண்ணில் படாமல் போகலாம். பலன் தெரியவில்லை என்பதைப் பலன் இல்லை என்று வாசித்ததுதான் முதல் தவறு. அடுத்தது இன்னும் நுணுக்கமானது, படித்தவர்களும் விழுகிற குழி. ஆண்களில் முடிவு உறுதி, பெண்களில் உறுதியில்லை என்றால், இரு பாலாருக்கும் இடையில் வித்தியாசம் நிரூபணமாகிவிட்டது என்று நினைப்பது. அந்த வித்தியாசத்தைத் தனியாக ஒரு கணக்குப் போட்டுச் சோதிக்க வேண்டும். இடைத்தாக்கச் சோதனை என்பது அதுதான். ஒரு கட்டுரையில் அது இல்லையென்றால் நான் அந்த அட்டவணையைக் கடந்து போய்விடுவேன்.

இதை விளக்க மருத்துவ உலகமே சொல்லும் கதை ஒன்று இருக்கிறது. 1988இல் வெளிவந்த ஐசிஸ்-2 ஆய்வு, மாரடைப்புச் சந்தேகத்தோடு வந்த 17,187 பேரில் நடந்தது. ஐந்து வாரத்தில், ஒப்பிடுவதற்காகக் கொடுத்த மருந்தில்லாத வெறும் குளிசை எடுத்தவர்களில் இதய, இரத்தக்குழாய் நோயால் இறந்தவர்கள் 11.8 சதவீதம், அஸ்பிரின் எடுத்தவர்களில் 9.4 சதவீதம். சந்தேகத்துக்கே இடமில்லாத முடிவு. ஆனால் ஆய்வாளர்கள் வேண்டுமென்றே நோயாளிகளை ராசிப்படி பிரித்தும் காட்டினார்கள். மிதுனத்திலும் துலாத்திலும் பிறந்தவர்களில் அஸ்பிரின் எடுத்து இறந்தவர்கள் 150, வெறும் குளிசை எடுத்து இறந்தவர்கள் 147! உபகுழு முடிவுகளை எவ்வளவு நம்பலாம் என்று காட்டுவதற்காகவே செய்த குறும்பு அது.

எப்படி இப்படி வருகிறது? வயலை வைத்துப் பார்ப்போம். பெரும்போகத்தில் பரந்தன் பக்கம் இருநூறு வயல்களில் பாதியை எழுமாறாகத் தெரிந்தெடுத்துப் புதுப் பசளை போடுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். விளைச்சலில் ஒரு வித்தியாசமும் இல்லை. அருவி வெட்டி முடிந்தபின் ஒருவர் கொப்பியோடு குந்துகிறார். வாய்க்காலின் தலைப்பக்கம், கடைப்பக்கம், ஆட்டக்காரி விதைத்தவர், சம்பா விதைத்தவர், மழைக்கு முன் விதைத்தவர் என்று பிரித்துக்கொண்டே போனால் ஏதோ ஒரு மூலையில் பசளை "வேலை செய்திருக்கும்". வழக்கமான 5 சதவீத அளவுகோலோடு (பலனே இல்லாதபோதும் நூற்றில் ஐந்து தடவை தற்செயலாக "ஆம்" என்று வரலாம் என்பது அதன் பொருள்), ஒன்றோடொன்று தொடர்பில்லாத இருபது கேள்வி கேட்டால், பசளை வெறும் மண்ணாக இருந்தாலும் ஒன்றாவது "ஆம்" என்று வர 64 சதவீத வாய்ப்பு உண்டு. விதைக்க முன்னரே "கடைப்பக்க வயலைத் தனியாகப் பார்ப்போம்" என்று எழுதி வைத்திருந்தால் அது வேறு கதை.

காரணம் சொல்ல முடிகிறது என்பதும் காப்பாற்றாது. கடைப்பக்கத்தில் தண்ணீர் குறைவு, அதனால்தான் என்று யாராவது சொல்லிவிடுவார்கள். தலைப்பக்கம் வென்றிருந்தால் அதற்கும் ஒரு காரணம் கிடைத்திருக்கும்.

சிகிச்சை தொடங்கியபின் நடந்ததை வைத்துப் பிரிப்பது எல்லாவற்றிலும் மோசம். கொழுப்பைக் குறைக்கும் குளோஃபைப்ரேட் பற்றிய அமெரிக்க ஆய்வு ஒன்றின் முடிவு 1980இல் வந்தது. மருந்தை ஒழுங்காக எடுத்தவர்களில் ஐந்து வருடத்தில் இறந்தவர்கள் 15 சதவீதம், எடுக்காமல் விட்டவர்களில் கிட்டத்தட்ட 25. பார்த்தால் மருந்தின் மகிமை. ஆனால் வெறும் குளிசையை ஒழுங்காக எடுத்தவர்களிலும் 15தான், விட்டவர்களில் 28! ஒழுங்காகக் குளிசை போடுகிற ஆள் வேறு மாதிரியான ஆள், அவ்வளவுதான்.

உபகுழுவில் நல்ல செய்தி வந்தாலும் இதே கவனம் வேண்டும். இங்கே பிரஷருக்குக் கொடுக்கும் அம்லோடிபின், இதயச் செயலிழப்பு உள்ளவர்களில் ஒரு பிரிவினருக்கு உயிர் காக்கும் போல 1996இல் தெரிந்தது. அவர்களை மட்டும் வைத்து மறுபடி ஆய்வு செய்தபோது அந்தப் பலன் காணாமல் போனது.

சரி, மாமி. ராசிக் கதையைச் சொன்னால் சிரித்துவிட்டுக் குளிசையை எடுப்பார் என்று நினைத்துச் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது. "தம்பி, எனக்குத் துலாமெல்லோ?" அப்புறம், அது பிறந்த திகதியை வைத்துப் பார்க்கும் மேல்நாட்டு ராசி, நம் சாதகத்து ராசி வேறு என்று விளக்க இன்னும் அரை மணித்தியாலம் போனது.