இலக்கு நிறை குறிக்கும்போது விடும் பிழைகள்

வெள்ளவத்தையில் பெண்களுக்கு உடற்பயிற்சி வகுப்பு நடத்துகிறேன். சேரும்போது நிரப்பும் படிவத்தில் "எவ்வளவு நிறைக்கு வர விருப்பம்?" என்று ஒரு கேள்வி இருக்கிறது. பழைய வருத்தங்கள், எடுக்கும் மருந்துகள் எல்லாவற்றையும் நினைவுபடுத்தி எழுதுகிறவர்கள் இந்தக் கேள்விக்கு மட்டும் யோசிப்பதே இல்லை. 50, 52, 55 என்று உடனே ஒரு எண் வந்து விழுகிறது. இடையில் நின்றுபோய் அடுத்த ஜனவரியில் திரும்பி வருகிறவர்களும் அதே எண்ணைத்தான் மறுபடி எழுதுகிறார்கள். போன தடவை தங்களை நிறுத்தியதே அந்த எண்தான் என்று அவர்களுக்குத் தோன்றுவதில்லை. இதை எழுதக் காரணம் அதுதான்.

ரோல்ஸ், சோடா, இரவு பத்து மணிக் கொத்து ரொட்டி பற்றி ஒன்றும் சொல்லப்போவதில்லை. அவை எல்லோருக்கும் தெரிந்தவை.

கலியாண அல்பத்தில் இருக்கும் நிறை

நான் பார்த்ததில் அதிக சேதம் செய்வது இந்தப் பிழை. இன்றைக்கும் எனக்குக் கோபம் வருவதும் இதில்தான்.

தெஹிவளையிலிருந்து ஒரு அக்கா வந்தார். ஆசிரியை, வயது 46, உயரம் 157 சென்றிமீற்றர், நிறை 82 கிலோ. இலக்கு என்ற இடத்தில் 52 என்று எழுதினார். ஏன் 52 என்று கேட்டேன். "கலியாணத்தண்டு நான் அம்பத்திரண்டுதான் தங்கச்சி" என்றார். அதற்குப் பிறகு இரண்டு பிள்ளைகள், இருபது வருட வேலை, மாமியாரைப் பராமரித்த காலம், தைரொயிட் குளிசை. இவை எதுவும் அந்த 52இல் இல்லை.

நன்றாகவே செய்தார். காலையில் மரைன் டிரைவில் நடந்தார். சோற்றைக் குறைத்து மரக்கறியையும் பருப்பையும் கூட்டினார். இரவுப் புட்டை அளவோடு வைத்துக்கொண்டார். அரை வருடம் கொஞ்சம் தாண்டியபோது 75க்கு வந்திருந்தார். எல்லைக்கோட்டில் நின்ற வெறும் வயிற்றுச் சீனி சாதாரண அளவுக்கு இறங்கியது. பிறஷர் குளிசையின் அளவை டொக்டர் குறைத்தார். படி ஏறும்போது முழங்கால் நோகவில்லை என்றும் அவரே சொன்னார்.

நான் சந்தோஷப்பட்டுக்கொண்டிருக்க, அவர் தராசிலிருந்து இறங்கி, "ஏழு கிலோதானே குறைஞ்சிருக்கு, இன்னும் இருபத்து மூண்டு கிடக்கே" என்றார். அடுத்த மாதம் இரவுச் சாப்பாட்டை முழுதாக விட்டார். அதற்கடுத்த மாதம் வகுப்புக்கு வரவில்லை. மறுவருடம் 84 கிலோவோடு வந்து, படிவத்தில் மறுபடியும் 52 என்று எழுதினார்.

அந்த 7 கிலோ என்ன என்று பாருங்கள். 82இல் அது எட்டரை வீதம். நீரிழிவுக்கு முந்திய நிலையில் இருந்தவர்களை வைத்து அமெரிக்காவில் நடந்த நீரிழிவுத் தடுப்புத் திட்டத்தின் முடிவுகள் 2002இல் வெளிவந்தன. அதில் கொடுக்கப்பட்ட இலக்கு வெறும் 7 வீதம், கூடவே வாரத்துக்கு 150 நிமிட நடை. அந்தப் பிரிவில் இருந்தவர்களுக்கு, சாதாரண ஆலோசனையோடு போலிக் குளிசை பெற்றவர்களைவிட, சுமார் மூன்று வருடங்களில் நீரிழிவு வந்தது 58 வீதம் குறைவு. 82 கிலோவில் 7 வீதம் என்றால் ஆறு கிலோகூட இல்லை. அக்கா அதைத் தாண்டியிருந்தார். அம்மாவுக்கும் அண்ணாவுக்கும் வந்த சீனி வருத்தம் தனக்கும் வந்துவிடும் என்று பயந்துதான் வகுப்பில் சேர்ந்தார். அந்தப் பயத்துக்கு வேண்டிய மருந்து கைக்கு வந்த பிறகு, 52 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்து அதைத் தோல்வி என்று முடிவுகட்டினார்.

இது அவருக்கு மட்டும் நடந்ததல்ல. 1997இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 60 பெண்களிடம், எவ்வளவு குறைந்தால் திருப்தி என்று சிகிச்சை தொடங்க முன்னரே கேட்டார்கள். சராசரியாக உடல் நிறையில் 32 வீதம் குறைய வேண்டும் என்பது அவர்களின் இலக்கு. 17 கிலோ குறைந்தால்கூட ஏமாற்றமே என்றார்கள். 48 வாரங்களில் சராசரியாக 16 கிலோ குறைந்தது. அது மிகப் பெரிய வெற்றி. ஆனால் கிட்டத்தட்டப் பாதிப் பேர், தாங்களே ஏமாற்றம் என்று குறித்த அளவைக்கூட எட்டவில்லை.

இன்னொரு கணக்கையும் யாரும் போடுவதில்லை. நிறை குறைந்தால் உடம்புக்குத் தேவையான கலோரியும் குறையும். இந்த அக்காவின் உயரத்துக்கும் வயதுக்கும் வழக்கமான சூத்திரத்தில் போட்டுப் பார்த்தால், 75 கிலோவில் நிற்க நாளுக்கு ஏறத்தாழ 1850 கலோரி வேண்டும். 52 கிலோவில் நிற்க ஏறத்தாழ 1550. வித்தியாசம் 300 கலோரி, சமைத்த சோற்றில் ஒன்றரைக் கப். இறங்கும் மாதங்களில் மட்டும் இப்படிச் சாப்பிட்டால் போதாது. தைப்பொங்கல், தீபாவளி, பக்கத்து வீட்டுப் பிறந்தநாள் எல்லாம் சேர்த்து வாழ்நாள் முழுக்க அந்த ஒன்றரைக் கப்பைக் குறைத்தே சாப்பிட வேண்டும். அதுவும் பசி கூடிய நிலையில். நிறை குறையும்போது, போதும் என்று சொல்லும் லெப்டின் என்ற ஹோர்மோன் குறைகிறது, பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹோர்மோன் கூடுகிறது. ஒரு வருடம் கழித்தும் இது பழைய நிலைக்குத் திரும்பாமல் இருக்கலாம். 25 வயதில் அந்த 52 கிலோ தானாக அமைந்தது. அதைப் பிடித்து வைக்க அப்போது அவர் ஒன்றும் செய்ததில்லை.

சரி, எதை எழுதுவது? இன்றைய நிறையில் 5 முதல் 10 வீதம் வரை. 82 என்றால் 78க்கும் 74க்கும் இடையில் ஓர் எண். அதற்கு ஆறு மாதம் கொடுங்கள். அங்கே வந்ததும் சில மாதம் அதே நிறையில் நில்லுங்கள். சாதாரணமான ஒரு புதன்கிழமை காலை, மதியம், இரவு என்ன சாப்பிட்டு அந்த நிறையில் நிற்கிறீர்கள் என்று உங்களுக்கே தெரிய வேண்டும். அப்புறம் இன்னும் இறங்கலாமா என்று யோசியுங்கள். இருபது கிலோ குறைத்து அதைக் காப்பாற்றியவர்களும் இருக்கிறார்கள், நான் யாரையும் தடுப்பதில்லை. அந்த முடிவை 75இல் நின்று எடுங்கள், 82இல் நின்று எடுக்காதீர்கள் என்பதுதான் என் வேண்டுகோள். பெரிய எண்ணை வைத்தால்தான் உற்சாகம் வரும் என்று சிலர் வாதாடுவார்கள். முதல் மாதம் வரும், உண்மைதான். நான்காம் மாதத்தில் அதே எண்தான் ஆளை வீட்டில் இருத்துகிறது.

உயரத்தில் நூறைக் கழிப்பது

157 சென்றிமீற்றர் என்றால் 57 கிலோ. இது பிரெஞ்சுச் சத்திரசிகிச்சை நிபுணர் போல் புரோக்காவின் பெயரால் வழங்கும் 19ஆம் நூற்றாண்டுக் கணக்கு. தசை எவ்வளவு, கொழுப்பு எங்கே, வயது என்ன என்பதெல்லாம் அதற்குத் தெரியாது.

உடற்திணிவுச் சுட்டெண் இதைவிடப் பரவாயில்லை. கிலோவை, மீற்றரில் எடுத்த உயரத்தின் வர்க்கத்தால் வகுப்பது. ஆனால் அதிலும் ஒரு பிழை நடக்கிறது. அதே சுட்டெண்ணில் ஐரோப்பியர்களைவிட நம்மவர்களுக்குக் கொழுப்பு அதிகம், அதுவும் வயிற்றில். அதனால் ஆசியர்களுக்கு 23இலிருந்தே கவனம் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004இல் சொன்னது. பலர் அதை 23க்குக் கீழே வந்தே ஆக வேண்டும் என்று எடுத்துக்கொள்கிறார்கள். 33இல் இருப்பவர் 30க்கு வந்தாலே சீனியிலும் பிறஷரிலும் மாற்றம் தெரியத் தொடங்கும்.

இடுப்பை அளக்காமல் விடுவது

தையல் நாடா ஒன்று போதும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், மூச்சைச் சாதாரணமாக வெளியே விட்ட பின் அளவுங்கள். தெற்காசியப் பெண்களுக்கு 80 சென்றிமீற்றர், ஆண்களுக்கு 90 என்பது எச்சரிக்கைக் கோடு. தசை கூடும்போது தராசு அசையாமல் நிற்கும் மாதங்கள் வரும். அப்போது இறங்குவது இடுப்பளவுதான். படிவத்தில் நிறைக்குப் பக்கத்தில் இதையும் எழுதச் சொல்கிறேன்.

ஆவணிக் கலியாணத்துக்குள் பத்துக் கிலோ

கனடாவிலிருந்து சொந்தக்காரர் வருகிறார்கள், பம்பலப்பிட்டியில் மண்டபம் எடுத்தாயிற்று, சாறிச் சட்டை தைக்கக் கொடுத்தாயிற்று. ஆறு வாரம் இருக்கும்போது வருவார்கள். முதல் வாரத்தில் மூன்று கிலோ இறங்கிவிடும், உடனே அதை ஆறால் பெருக்குவார்கள். அந்த மூன்றில் பெரும்பகுதி தண்ணீர். உடம்பில் சேமித்த மாச்சத்தான கிளைகோஜன் கரையும்போது, ஒவ்வொரு கிராமோடும் ஏறத்தாழ மூன்று கிராம் தண்ணீரும் போகிறது. இரண்டாம் வாரத்திலிருந்து அரைக் கிலோ, மிஞ்சினால் ஒரு கிலோ. அதற்கு மேல் வலிந்து இறக்கினால் தசை கரையும், பித்தப்பையில் கல் வரும் வாய்ப்புக் கூடும், இரண்டு மூன்று மாதம் கழித்து முடி கொட்டும். சாறிச் சட்டையைக் கொஞ்சம் தளர்த்தித் தைக்கச் சொல்லுங்கள்.

பக்கத்து வீட்டு அக்காவின் எண்

அவருடைய உயரம் வேறு, வயது வேறு, மருந்து வேறு.

தராசை மாற்றி மாற்றி ஏறுவது

ஒரே தராசு, ஒரே நேரம், ஒரே மாதிரி உடுப்பு. மாதவிடாய் நாட்களில் கூடுவதை எழுத வேண்டாம்.

டொக்டரிடம் சொல்லாமல் இலக்கு வைப்பது

இன்சுலின் போடுகிறவர்களும் கிளிக்ளசைட் போன்ற, சீனியை இறக்கும் குளிசை எடுக்கிறவர்களும் சாப்பாட்டைத் திடீரென்று குறைத்தால் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். வியர்த்து, கை நடுங்கி, தலை சுற்றினால் உடனே சீனித் தண்ணீர் குடித்துவிட்டு, அன்றைக்கே டொக்டரிடம் கேளுங்கள். ஸ்டீரொயிட், சில மனநல மருந்துகள் நிறையைக் கூட்டும். அதை நினைத்து அவற்றை நீங்களாக நிறுத்தக் கூடாது. பணம் பிரச்சினை என்றால், அரசாங்க ஆஸ்பத்திரிகளில் உள்ள ஆரோக்கிய வாழ்க்கை முறை நிலையங்களில் நிறை, பிறஷர், சீனி எல்லாம் இலவசமாகப் பார்க்கிறார்கள்.

குறைக்கத் தேவையில்லாதவர்கள் குறைப்பது

கர்ப்பிணிகளுக்கு இலக்கு நிறையே வேண்டாம். கிளினிக்கில் சொல்வதைக் கேட்டால் போதும்.

இன்னொரு கூட்டம், பத்தொன்பது இருபது வயதுப் பிள்ளைகள். 158 சென்றிமீற்றர் உயரம், 50 கிலோ நிறை, இலக்கு 44. அது சுட்டெண்ணில் 18க்கும் கீழே, அதாவது ஆரோக்கியமான அளவுக்கே வெளியே. அப்படி வருகிறவர்களை நிறை குறைக்கும் வகுப்பில் சேர்ப்பதில்லை. பாரம் தூக்கிப் பலம் சேர்க்கும் வகுப்புக்கு வா, தராசில் ஏறத் தேவையில்லை என்று சொல்வேன். சிலர் வருகிறார்கள், சிலர் வேறு இடம் தேடிப் போகிறார்கள். வீட்டில் இப்படி ஒரு பிள்ளை இருந்தால், சாப்பிடும்போது தட்டைப் பார்த்துக் கதை சொல்லாதீர்கள், பெரியம்மாமார் சொல்வதையும் நிறுத்துங்கள். பிள்ளைக்கு மாதவிடாய் தள்ளித் தள்ளிப் போகத் தொடங்கினாலோ, சாப்பிட்ட உடனே குளியலறைக்குப் போய்க் கதவைப் பூட்டினாலோ, நாள் பார்க்காமல் டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போங்கள்.