'லைவ் ஆஃப்டர் டெத்': முதலில் காது, அப்புறம் கண்

பிரிட்டனின் ஹெவி மெட்டல் இசைக்குழு அயர்ன் மெய்டனின் மேடைக் கச்சேரிப் பதிவான 'லைவ் ஆஃப்டர் டெத்' 1985-இல் இசைத்தொகுப்பாகவும் படமாகவும் வந்தது. எதில் தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு என் பதில் ஒன்றுதான்: தொகுப்பைக் கேட்டுவிட்டுப் படத்துக்குப் போங்கள். நான் பேஸ் கிட்டார் வாசிப்பவன். படத்தை முதலில் பார்த்தால் பாடகர் புரூஸ் டிக்கின்சனின் ஓட்டமும் பின்னணியில் இருக்கும் எகிப்திய பாணி மேடை அமைப்பும் கண்ணை இழுத்துக்கொள்ளும். பேஸ் காதில் விழாமலே போய்விடும்.

முதல் வேலை, சரியான பதிப்பைப் பிடிப்பது. இசைத்தட்டாக வந்தபோது இது இரட்டைத் தட்டு. முதல் மூன்று பக்கங்கள் 1985 மார்ச்சில் கலிபோர்னியாவின் லாங் பீச் அரங்கில் பதிவானவை. நான்காம் பக்கத்தின் ஐந்து பாடல்கள் 1984 அக்டோபரில் லண்டன் ஹேமர்ஸ்மித் ஓடியனில் பதிவானவை. ஆரம்பகால சிடியில் அந்த நான்காம் பக்கத்தையே விட்டுவிட்டார்கள். 1998 மறுபதிப்பில்தான் அது திரும்ப வந்தது. 'ஃபேண்டம் ஆஃப் தி ஓபரா' பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் வேறு பதிப்பைத் தேடுங்கள்.

ஹெட்ஃபோன் மாட்டி, தொடக்கத்தில் ஒலிக்கும் சர்ச்சிலின் 1940 உரையிலிருந்தே கேளுங்கள். அதைத் தள்ளிவிட்டு நேரே 'ஏசஸ் ஹை'க்குத் தாவ வேண்டாம். உரை முடிந்து இசைக்குழு இறங்கும் அந்த வேகம்தான் முழுக் கச்சேரியையும் இழுத்துப் போகிறது.

'தி ட்ரூப்பர்' வரும்போது பேஸ் வாசிக்கும் ஸ்டீவ் ஹாரிஸை மட்டும் பின்தொடருங்கள். ஒரு நீளம், இரண்டு குட்டி, ஒரு நீளம், இரண்டு குட்டி என்று குதிரைப் பாய்ச்சலாகப் போகும் அந்தத் தாளத்தை அவர் பிக் (தந்தியை மீட்டும் சிறு தகடு) இல்லாமல், வெறும் விரல்களால் வாசிக்கிறார். தந்தி ஃப்ரெட்டில் (கிட்டார் கழுத்திலுள்ள உலோகக் கம்பிகளில்) மோதும் 'கடகட' சத்தம்கூடக் கேட்கும். அதை வேண்டுமென்றேதான் விட்டு வைத்திருக்கிறார்கள் என்பேன். மார்ட்டின் பர்ச்சின் தயாரிப்பில் எனக்கு மிகவும் பிடித்த விஷயமே அதுதான். மறுமுறை கேட்கும்போது டேவ் மர்ரே, ஏட்ரியன் ஸ்மித் கிட்டார்கள் சேர்ந்து பாடும் இடங்களைப் பிடியுங்கள்.

அதிக நேரம் ஒதுக்க வேண்டியது 'ரைம் ஆஃப் தி ஏன்ஷியன்ட் மரைனர்' பாடலுக்கு. ஆங்கிலக் கவிஞர் கோல்ரிட்ஜின் கவிதையை வைத்து ஹாரிஸ் எழுதியது, பதின்மூன்று நிமிடத்துக்கும் மேல். நடுவில் எல்லாம் அடங்கிப்போகும். கப்பல் பலகை முனகும் சத்தம், கவிதை வரிகள், அடியில் மெதுவாகப் பேஸ். இங்கே ஒலியைக் கூட்டாதீர்கள். இசை தணிந்துவிட்டதால் கூட்டம் எவ்வளவு பெரியது என்பதே இப்போதுதான் காதுக்குத் தெரியும். பேஸ் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்ந்து, டிக்கின்சன் அலறி, மறுபடி அந்தப் பாய்ச்சல் தொடங்கும்போது உடம்பு தானாக முன்னால் சாயும். ஸ்டுடியோவில் பதிவு செய்ததைவிட இதுதான் என்னைப் பொறுத்தவரை அந்தப் பாட்டு.

இனி படம். ஜிம் யூகிச் இயக்கியது, முழுக்க லாங் பீச். 2008-இல் டிவிடியாக வந்தது. ஒரு தடவை எந்தத் திட்டமும் இல்லாமல் சும்மா பாருங்கள். 'பவர்ஸ்லேவ்' பாட்டுக்கு டிக்கின்சன் அணியும் இறகு முகமூடியையும், கடைசிப் பகுதியில் டிரம்ஸுக்குப் பின்னால் எழும் ராட்சத மம்மி உருவ எடியையும் (இசைக்குழுவின் சின்னப் பொம்மை) அனுபவித்து முடியுங்கள். பிறகு ஆளுக்கொரு தடவை. ஹாரிஸின் வலது கை. டிரம்மர் நிக்கோ மெக்பிரெய்ன், காலால் அடிக்கும் இரட்டை பேஸ் டிரம் இல்லாமல் ஒற்றைப் பெடலில் இவ்வளவையும் சமாளிப்பது. அப்புறம் டிக்கின்சனின் தொண்டை: 1984 ஆகஸ்டில் தொடங்கிய சுற்றுப்பயணத்தில் குரல் களைத்திருக்கும், அதனால் சில உச்ச இடங்களில் அவர் ராகத்தைக் கொஞ்சம் மாற்றிப் பாடுவார். அதைக் குறையாக எடுக்காதீர்கள். களைத்த குரலோடு ஒரு பாடகர் வழி கண்டுபிடிப்பதைக் கண்ணால் பார்க்கக் கிடைப்பது அபூர்வம்.

ஹேமர்ஸ்மித் பாடல்கள் படத்தில் இல்லை. அவற்றை வேறொரு நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒரே மூச்சில் சேர்த்துக் கேட்டால் லண்டன் கூட்டத்தின் சத்தத்துக்கும் லாங் பீச் கூட்டத்தின் சத்தத்துக்கும் உள்ள வித்தியாசம் காதில் நிற்காது.