பழைய பெட்டி ரீவியில் நிறம் குழம்பினால்: பின்மூடியைக் கழற்ற முன் பார்க்கவேண்டியவை

பெட்டி ரீவியை ஓட்டோவில் ஏற்றி மட்டக்களப்பு டவுனுக்குக் கொண்டுபோய் இறக்குவது லேசான வேலை இல்லை. நிறம் பழுது என்றால் முதலில் வீட்டிலேயே பாருங்கள். பல பழுதுகள் ரிமோட்டோடேயே போய்விடும்.

ஒன்று மட்டும்: பின்மூடியைத் தொடாதீர்கள். உள்ளே உள்ள படக்குழாய் 20,000 வோல்ட்டுக்கு மேல் வேலை செய்வது. பிளக்கைக் கழற்றினாலும் அந்த வோல்ட் உடனே இறங்காது.

1. மெனுவைத் திறந்து அதன் வெள்ளை எழுத்தைப் பாருங்கள். அந்த எழுத்து ரீவிக்குள்ளேயே உருவாவது, அன்ரனாவோடு அதற்குச் சம்பந்தம் இல்லை. எழுத்து சுத்த வெள்ளையாக இருந்து படம் மட்டும் பிசகினால் பழுது பெரும்பாலும் வெளியே: அன்ரனா, வயர், டெக், செற்றிங். எழுத்திலும் சாயம் ஏறியிருந்தால் பழுது பெட்டிக்குள்ளே.

2. படம் கறுப்பு வெள்ளையாக வருகுதா? சின்னப் பிள்ளைகள் உள்ள வீடென்றால் 'கலர்' அளவு பூச்சியத்தில் கிடக்கும், முதல் அதைக் கூட்டுங்கள். அடுத்தது 'சிஸ்டம்'. ரூபவாஹினி உட்பட நம் அன்ரனாச் சனல்கள் 'பால்' (PAL) என்ற நிற முறையில் வருபவை. அமெரிக்க டிவிடிகள் என்டிஎஸ்சி (NTSC) என்ற வேறு முறை. 'ஓட்டோ'வில் விட்டால் ரீவியே கண்டுபிடிக்கும், பிடிக்காவிட்டால் கையால் மாற்றுங்கள். அன்ரனாப் படம் புள்ளி புள்ளியாகவும் இருந்தால் சிக்னல் போதவில்லை. கடற்கரைப் பக்க வீடுகளில் கூரைமேல் வயர் பூட்டின இடம் உப்புக்காற்றில் பச்சை பிடித்துக் கிடக்கும். வெட்டிச் சுரண்டித் திரும்பப் பூட்டுங்கள்.

3. ஒரு மூலையில் மட்டும் பச்சையோ ஊதாவோ திட்டாகப் படிந்து, சனல் மாற்றினாலும் அதே இடத்தில் நிற்குதா? அது காந்தம். திரைக்குப் பின்னால் நுண்ணிய துளைகள் உள்ள இரும்புத் தகடு ஒன்று உண்டு. பக்கத்தில் பெரிய ஸ்பீக்கர் வைத்தால் அந்தத் தகடு காந்தமேறி, படம் வரையும் எலெக்ட்ரோன் கதிர் தப்பான நிறத்தில் விழும். ஸ்பீக்கரை நாலைந்து அடி தள்ளி வையுங்கள். பிறகு ரீவியை மெயின் சுவிற்சில் நிறுத்தி அரைமணி நேரம் கழித்துத் திரும்பப் போடுங்கள். போட்டவுடன் "டொய்ங்" என்று ஒரு சத்தம் கேட்கும், காந்தம் நீக்கும் சுருள் வேலை செய்யும் சத்தம் அது. உள்ளே ஒரு பாகம் ஆறினால்தான் அந்தச் சுருள் திரும்ப முழுதாக வேலை செய்யும், அதனால் அடுத்தடுத்துப் போட்டு நிறுத்திப் பலனில்லை. ரிமோட்டால் நிறுத்தினாலும் பல ரீவிகளில் இது நடக்காது. இரண்டு மூன்று தரம் செய்தும் திட்டுக் கலையாவிட்டால் திருத்துபவரிடம் காந்தம் நீக்கும் வளையம் போன்ற பெரிய சுருள் இருக்கும், அவரிடம் காட்டுங்கள். காந்தக்கட்டையைத் திரையில் தேய்க்கச் சொல்லும் ஆக்களை நம்பாதீர்கள், இன்னும் கெடும்.

4. முழுத்திரையும் ஒரே சாயலா? மஞ்சளித்தால் நீலம் போயிற்று. பச்சைநீலமானால் சிவப்பு இல்லை. ஊதா கலந்த றோஸ் என்றால் பச்சை இல்லை. பெட்டியின் பக்கத்தில் மெதுவாகத் தட்ட நிறம் வந்து வந்து போனால் திருத்துபவரிடம் இப்படிச் சொல்லுங்கள்: "அண்ணன், குழாயிட வாலில இருக்கிற சின்ன போர்ட்ல ஈயப்பற்று விட்டுப்போயிருக்கோ எண்டு பாருங்க." பெரும்பாலும் சூட்டுக்கோலோடு முடிகிற வேலை. தட்டியும் மாறாமல், போட்டுக் கனநேரம் சென்றபிறகே நிறம் தேறுகிறதென்றால் குழாய் களைத்துவிட்டது. அதற்குக் காசு கொட்டாதீர்கள்.