மரத் தளம் போடும் முன் தரையைத் தயார் செய்தது

சென்னையில் எங்கள் தரைத்தள வீட்டுப் படுக்கையறைக்கு இன்ஜினியர்டு வுட் பலகை (ஒட்டுப்பலகை அடுக்கின் மேல் மெல்லிய அசல் மரத்தகடு ஒட்டியது) போட முடிவானதும், எனக்குக் கவலையெல்லாம் கீழே இருந்த சிமெண்ட் தரை பற்றித்தான்.

ஈரம்தான் முதல் எதிரி. ஒன்றரை அடிச் சதுர பாலித்தீன் ஷீட்டைத் தரையில் விரித்து நாலு பக்கமும் டேப் ஒட்டினேன். குறைந்தது 16 மணி நேரம் அப்படியே கிடக்க வேண்டும். பிரித்தால், வெளிச்சுவரை ஒட்டிய இடத்தில் ஷீட்டின் அடியில் பொடிப்பொடியாக நீர்த்துளிகள், சிமெண்ட்டும் கருத்திருந்தது. "ஃபோம் போட்டா போதும் சார்" என்றார் பலகை போட வந்தவர்; பலகைக்கு அடியில் விரிக்கும் மெல்லிய பஞ்சு ஷீட்டைத்தான் சொன்னார். நான் ஒப்புக்கொள்ளவில்லை. வெளியே போய்ப் பார்த்தால், ஏசி தண்ணீர்க் குழாய் சுவரோரமே சொட்டிக்கொண்டிருந்தது. அதை வடிகாலுக்குத் திருப்பி, தரையைக் காயவிட்டு, மறுசோதனையில் ஷீட் உலர்ந்து வந்த பிறகுதான் அடுத்த வேலை.

அப்புறம் மட்டம். 2 மீட்டர் அலுமினிய மட்டக்கோலை எல்லாத் திசையிலும் வைத்து, அடியில் இடைவெளி தெரிந்த இடங்களைச் சாக்பீஸால் குறித்தேன். 3 மில்லிமீட்டருக்கு மேல் போனால் நடக்கும்போது பலகை அமுங்கும், பலகைகளை ஒன்றோடொன்று மாட்டும் கிளிக் இணைப்பு நாளடைவில் விட்டுப்போகும். மேட்டை கிரைண்டரில் தேய்த்து, தூசியை வேக்குவமில் சுத்தமாக எடுத்து, பள்ளத்தில் பிரைமர் அடித்து செல்ஃப் லெவலிங் கலவை (தானே பரவி மட்டமாகும் சிமெண்ட் கலவை) ஊற்றினோம். பிரைமரை மட்டும் விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் பழைய சிமெண்ட் தரை, புதுக் கலவையின் நீரை உறிஞ்சிவிடும், பூச்சு ஏடுஏடாகப் பெயர்ந்து வரும்.

கலவை நன்றாகக் காய்ந்ததும் 200 மைக்ரான் பாலித்தீன், மூட்டில் ஒரு ஷீட்டின் மேல் இன்னொன்றை 20 சென்டிமீட்டர் ஏற்றி டேப் ஒட்டி, அதன்மேல் ஃபோம். பலகை விரிவடைய சுவரோரம் 10 மில்லிமீட்டர் இடைவெளி; அதைச் சுவரடியில் ஒட்டும் ஸ்கர்ட்டிங் பட்டை மறைத்துவிடும்.